மேக்பைக்குத் தெரியாத வைத்தியம்

ஆறு வருஷம் வாசலைத் தாண்டாமல் இருந்தவள் க்ளெனிஸ். தெரு, கடை, கூட்டம் என்று நினைத்தாலே நெஞ்சு படபடத்து மூச்சு அடைக்கும். அந்தப் பாழாய்ப்போன பயத்திலிருந்து அவளை மீட்ட டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: "பயம் வந்தா ஓடாத. அங்கயே நில்லு. தானா இறங்கும்." அதைப் பிடித்துக்கொண்டே முதலில் கேட் வரை, பிறகு தெருக்கோடி பேக்கரி வரை வந்துவிட்டாள். இப்போது தினமும் காலையில் ரொட்டி வாங்கப் போகிறாள். ஒரு நாள் விட்டாலும் பழையபடி ஆகிவிடுமோ என்ற உதறல் மட்டும் போகவில்லை.

செப்டம்பர் பிறந்தது. அந்த ஊரில் அப்போதுதான் வசந்தம். பாதி வழியில் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தில் மேக்பை கூடு கட்டியிருந்தது. குஞ்சு வளரும் வரை அந்தக் கறுப்பு வெள்ளைப் பறவை தெருவுக்கே ரௌடி. இத்தனை வசந்தங்களை ஜன்னலுக்குப் பின்னால் கழித்தவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

பின்னாலிருந்து விர்ரென்று வந்து காதோரம் ஒரு கொத்து. நெஞ்சு அடித்துக்கொண்டது. க்ளெனிஸ் பாடத்தை மறக்கவில்லை. கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, அங்கேயே நின்றாள். மரத்துக்கு நேர் கீழே! மேக்பைக்கு இந்த வைத்தியமெல்லாம் தெரியுமா? இன்னொரு கொத்து. ரொட்டியாவது ஒன்றாவது என்று வீட்டுக்கு ஓடிவந்தாள்.

மறுநாள் கேட்டில் வைத்த கை திறக்க மறுத்தது. அதே படபடப்பு. பட்ட பாடெல்லாம் வீணா, மறுபடி முதலிலிருந்தா என்று அழுகை முட்டியது.

பக்கத்து வீட்டு கேட்டில் ட்ரெவ் நின்றிருந்தான். லாரி ஓட்டுகிறவன், கழுத்து வரை பச்சை குத்திய மலை போன்ற ஆள். தலையில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்திருந்தான். அதன் பின்பக்கம் பெரிதாக இரண்டு கண்கள் வரைந்திருந்தான்.

"என்ன ட்ரெவ் இது கோலம்?"

"சிரிக்காத. பின்னாடி கண்ணு இருந்தா அந்தப் பிசாசு கொத்தாதாம். கிளம்பி அரை மணி நேரமாச்சு, காலு நகர மாட்டேங்குது."

"உனக்குப் பயமா?"

"பின்ன? இந்தத் தெருவுல எவனுக்குப் பயமில்ல? போன வாரம் பூரா பேக்கரிக்குக் கார்லதான் போனேன்."

க்ளெனிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இது அவளுடைய பழைய பயம் இல்லை. ஊர்ப் பொதுப் பயம். அதில் தனக்கும் ஒரு பங்கு கிடைத்ததில் அவளுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

"இன்னொரு டப்பா இருக்கா?"

"இருக்கு. பாதி வனிலாவும் உள்ள இருக்கு."

"அதுக்கென்ன, ஸ்பூன் எடுத்துட்டு வா."

காலி செய்து, கழுவி, கண் வரைந்து, இருவரும் கிளம்பினார்கள். மரத்தடியில் ட்ரெவின் டப்பா மேல் டக்கென்று விழுந்தது ஒரு கொத்து. அவன் திரும்பி ஓடப் பார்த்தான். க்ளெனிஸ் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடாத!"

"அப்ப நிக்கவா?"

"ஐயோ, நிக்கவும் கூடாது. நான் நின்னு பாத்தாச்சு. நடந்துகிட்டே இரு."

பேக்கரியில் ட்ரெவ் தன் மனைவிக்கு போன் போட்டு காரை வரவழைத்தான். "நீயும் ஏறிக்க, க்ளெனிஸ்."

"நீ போ. நான் நடந்து வர்றேன்."

மரத்துப் பக்கம் அவள் போகவில்லை. புத்தியுள்ள எல்லாரையும் போல, ரொட்டியை இடுக்கிக்கொண்டு பின்தெருக்கள் வழியாகச் சுற்றிப் போனாள். அந்தத் தெருக்களைப் பார்த்து அவளுக்கு எத்தனையோ வருஷமாகியிருந்தது.