ஒன்றை மட்டும் பற்றிய கூழ்மணி

சுவீடனின் உப்சாலா நகரின்மேல் பனிப்பருவம் மெல்ல இறங்கியிருந்தது. கதிரவன் காலை ஒன்பதுக்கு எட்டிப் பார்த்து, மூன்றுக்குள் விடைபெற்றான். ஆற்றின் விளிம்பு உறைந்துவிட, நடுநீர் மட்டும் கறுத்து ஓசையடங்கி ஓடிற்று. ஊரே எதற்கோ மூச்சடக்கி நிற்பது போலிருந்தது.

புரத ஆய்வகத்தில் பணிபுரியும் குன்னெலும் காத்திருந்தாள். அவள் தங்கை சிக்ரிட்டின் குருதியில், உறைதலைத் தடுக்கும் புரதம் பிறவியிலேயே குறைவு. பிப்ரவரியில் பிரசவம்; அப்போது குருதி கட்டினால் உயிருக்கே ஆபத்து. தானமாக வந்த குருதிநீரிலிருந்து அப்புரதத்தைத் தூயதாகப் பிரித்துத் தந்தால் சிக்ரிட்டுக்குச் செலுத்தலாம் என்றிருந்தார்கள் மருத்துவர்கள். கடற்பாசிக் கூழின் நுண்மணிகளில் அப்புரதம் ஒட்டிக்கொள்ளும் ஹெப்பாரின் என்னும் மருந்தை, நச்சு வேதிப்பொருள் ஒன்றின் துணையால், கைகளைப் போலப் பொருத்தினாள் குன்னெல். அவை வேண்டியதைப் பிடித்தன. வேண்டாத பத்தையும் பிடித்தன. பிடி போதவில்லை என்றெண்ணி, முறைதோறும் கைகளைக் கூட்டினாள்.

டிசம்பர் நடுவில் வரும் ஒளித் திருநாளான லூசியா நாள் காலையில், தலையில் மெழுகுவர்த்தி சூடிய பெண்ணொருத்தி முன்னே வர, வெள்ளாடைப் பெண்கள் பாடிக்கொண்டு ஆய்வகத் தாழ்வாரத்தில் நுழைந்தார்கள்.

"எழுந்து வாம்மா, குங்குமப்பூ ரொட்டி தீர்ந்துரும்," என்றான் உடன் பணிபுரியும் ரூனே.

"இன்னும் ரெண்டு மணி நேரம் இது கலந்துக்கிட்டே இருக்கணும்டா!"

"அந்த நஞ்சைத் தனியா விட்டுட்டு வரக் கூடாது. லூசியாவுக்கு வராமலும் இருக்கக் கூடாது. நிறுத்திக் கழுவிட்டு வா."

முணுமுணுத்துக்கொண்டே கழுவினாள். கைகள் பாதிதான் பொருந்தியிருக்கும். ஹெப்பாரினும் தீர்ந்துவிட்டது. விழா முடிந்து திரும்பியதும், வேறு வழியின்றி, அரைகுறைக் கூழையே குளிரறையில் கண்ணாடிக் குழாயில் நிரப்பிக் குருதிநீரை ஊற்றினாள். மஞ்சள் நீர் இறங்கிப் போயிற்று. உப்புநீரால் அலசி, பின் பிடியைத் தளர்த்தும் கடும் உப்புநீர் விட்டாள். இறங்கியதை, புரதத்துக்கொரு கோடாகப் பிரித்துக் காட்டும் கூழ்த்தட்டில் மின்சாரத்தால் ஓட்டிச் சாயமேற்றினாள். ஒரே ஒரு நீலக் கோடு.

"ரூனே, இங்க வாயேன். ஒண்ணுதான் இருக்கு."

"சாயம் ஒழுங்கா போட்டியா?"

"ரெண்டு தடவை போட்டேன்."

ரூனே மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மீண்டும் பார்த்தான். "கை குறைஞ்சதாலயா?"

"நெருக்கியடிச்ச கை கண்டதையும் இழுத்திருக்கு. இப்ப கெட்டியாப் பிடிக்கறது மட்டும் நின்னிருக்கு. நான்தான் மூணு மாசமா தப்புப் பக்கம் ஓடியிருக்கேன்."

தட்டை விளக்கருகே ஏந்தி மீண்டும் பார்த்தாள். எண்ணிறந்த புரதங்கள் இருளில் நெருக்கி ஓடும் வெள்ளத்தில், ஒன்று மட்டும் தனக்குரிய கையை அறிந்து நின்றது. கண்ணில்லாத அதற்கு அவ்வறிவை ஈந்தது யார்? அவள் கை செய்தது சிறிது. அந்தப் பொருத்தமோ அவள் பிறக்குமுன்னே அமைந்திருந்தது.

மாலை பேராலயத்துக்குப் போனாள். இரும்புக் கூண்டில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து, ஒன்றும் கேளாமல் தலைதாழ்த்தி நின்றாள்.

தாயும் சேயும் நீடு வாழ்க. பெயர் சொல்லாது குருதி ஈந்தோர் எல்லாரும் வாழ்க.