பின்சீட்டுப் பாட்டு

பாம்ம்ம்... ஹாரன் அலறியதில் தூக்கிவாரிப் போட்டது, எழப்போய் மேல் கம்பியில் தலையை இடித்துக்கொண்டேன், "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஒயரு மாறித் தொட்டுட்டு" என்று டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஆடியோ கடை இசக்கிமுத்துவின் குரல் மட்டும் வந்தது, கால்கள் இரண்டும் அனுப்பர்பாளையம் வெயிலில் நீட்டிக்கொண்டிருந்தன. நான் எதற்குப் பின்சீட்டில் வந்து உட்கார்ந்தேன்? ஜீப் இப்போது என்னுடையது, "இதை நீயே வச்சுக்க கண்ணு" என்று அண்ணன் போன வாரம் சாவியைக் கையில் வைத்துவிட்டார், ஆனாலும் வண்டியை நிறுத்தி இறங்கியதும் கால் தானாகப் பின்பக்கம் சுற்றி வந்து ஏறிவிட்டது... பழக்கம். நெருப்பெரிச்சலில் இருக்கும் எங்கள் பனியன் யூனிட்டுக்குச் சேற்றில் போய்வர இதுதான் லாயக்கு என்று வால்பாறை எஸ்டேட்காரர் ஒருவரிடம் அண்ணன் வாங்கிய ஃபோர் வீல் டிரைவ், ஓட்டுவது அண்ணன், பக்கத்தில் ஆடிட்டர், பின்னால் பனியன் மூட்டைக்கும் சாம்பிள் பைக்கும் நடுவில் நான், என் காதை ஒட்டி இரண்டு ஸ்பீக்கர். பழைய செட் இப்போது கேசட்டை எல்லாம் மென்று துப்புகிறது, சிடி பிளேயர் மாட்டிக்கொண்டு பாட்டோடு ரிஜிஸ்டர் ஆபீஸ் போகலாம் என்றுதான் வந்தேன். மத்தியானம் பாகப்பத்திரத்தில் கையெழுத்து. அண்ணன் வைத்த பங்கு, நான் படிக்கவில்லை, படிப்பேனா? காலையில் இவள் தோசையைத் திருப்பிக்கொண்டே ஆரம்பித்தாள், "ஏனுங்க, நகலு ஊட்லயே கெடக்குது, ஒருக்காப் படிச்சுப் பாத்துப்போட்டுத்தான் கையெழுத்துப் போடுங்களேன்." எங்கண்ணனைச் சந்தேகப்படறயா என்று கத்தினேன், எப்படிப்பட்ட அண்ணன் தெரியுமா, ஜீப்புல பாட்டு முழுக்க எனக்குக் குடுத்துப்போட்டு வெறும் எஞ்சின் சத்தத்துல ஓட்டுன மனுசன் என்றேன். "பாட்டுக் குடுத்தாருங்க, செரி. பங்கு?" என்றாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன், பசிக்கிறது.

பொய்யில்லை, முன்பக்கமும் ஸ்பீக்கர் இருந்தது, ஒருநாளும் பாடியதில்லை, "முன்னால கேக்கறதில்லீங்களாண்ணா?" என்று ஒரு தடவை கேட்டதற்கு "எனக்கெதுக்கு கண்ணு பாட்டு, நீ கேளு" என்றார், கண்ணாடியில் என்னைப் பார்த்து "நல்லாக் கேக்குதா?" என்பார், நான் மூட்டைமேல் தாளம் போட்டபடி தலையாட்டுவேன், அப்பா இல்லாத வீட்டில் இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று கண்கூடக் கலங்கியிருக்கிறது... தெருவில் பட்டறைக்காரர்கள் அண்டாவைத் தட்டும் சத்தத்தை மீறி இசக்கிமுத்து கூப்பிட்டான், பழைய செட் அவன் மடியில் இருந்தது, கையில் டேப் சுற்றி மடித்த ஒரு ஒயர்க்கற்றை. "இந்தா பாருங்க அண்ணாச்சி, முன் ஸ்பீக்கருக்குக் கனெக்சனே குடுக்கல. நான்லா மாட்டுனேன், இப்பம் ஞாபகம் வருது. முன்னாடி உக்காந்து பேசணுமாம், பின்னாடி மட்டும் நல்லாச் சத்தமா குடுன்னு பெரிய அண்ணாச்சி சொன்னாவ." சொல்லிவிட்டுப் பல்லில் ஒயரைக் கடித்து உரிக்க ஆரம்பித்தான். அவனுக்கு அது ஒரு ஒயர்.

பேசணுமாம். என்ன பேசினார்கள்? சனிக்கிழமை தவறாமல் கோயமுத்தூர் பேங்குக்குப் போகும் வழியெல்லாம், கண்ணாடியில் அண்ணன் உதடு அசையும், ஆடிட்டர் தலை அவர் பக்கம் சாயும், எனக்குக் கேட்டதெல்லாம் தபேலா. ஒரு தடவை தரணி என்று என் பெயர் காதில் விழுந்த மாதிரி இருந்தது, முன்னால் குனிந்தேன், அண்ணன் கை சட்டென்று சத்தத்தைக் கூட்டியது, எனக்குப் பிடித்த பாட்டு என்று தெரிந்துதான் கூட்டுகிறார் என்று எவ்வளவு சந்தோஷம் எனக்கு, த்தூ... அதற்கடுத்த மாதம்தானே நெருப்பெரிச்சல் யூனிட் போர்டில் அண்ணி பெயர் ஏறியது, பெயின்டர் ஏணியில் நிற்கும்போதுதானே நான் பார்த்தேன், டாக்ஸுக்காக கண்ணு, ஆடிட்டர் சொன்னாரு என்றார், சரிங்கண்ணா என்றேன். இல்லை, பேச இடைஞ்சல் என்றால் இடைஞ்சல்தானே, உலகத்தில் யார்தான் ஸ்பீக்கரைக் காலடியில் அலறவிட்டுக்கொண்டு பேசுவார்கள்? ஒரு ஒயரை வைத்து அண்ணனை அளப்பேனா? அப்படியானால் எனக்கெதுக்கு கண்ணு பாட்டு என்று எதற்குச் சொன்னார், பேச வேண்டும் என்று சொல்லியிருந்தால் நான் என்ன மாட்டேன் என்றா சொல்லியிருப்பேன்...

செல்போன் அடித்தது, அண்ணன். "கண்ணு, எங்க வண்டியைச் சர்வீஸுக்கு உட்டிருக்குது, நானும் ஆடிட்டரும் உன்ர ஜீப்புலயே வந்தர்றம். உன்ர சம்சாரம் வந்துச்சுன்னா முன்னால உன்கிட்டயே உக்காரட்டும், நாங்க பின்னால இருந்துக்கறம்." சரிங்கண்ணா என்றேன், வந்தர்றனுங்க என்றேன், குரல் கொஞ்சமும் மாறவில்லை, இந்த 'ங்க' எவ்வளவு சௌகரியம், அதற்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம், அவரும் இப்படித்தான் வைத்திருந்தாரோ? உடனே இவளுக்கு அடித்தேன், நகலை எடுத்துக்கொண்டு கிளம்பி இரு, வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரி விடாமல் படித்துச் சொல் என்றேன், ஏன் என்று அவள் கேட்கவில்லை, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். இறங்கி வந்து முன்சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங் சுட்டது, கண்ணாடியைத் திருப்பினேன், காலியான பின்சீட்டு முழுசாகத் தெரிந்தது, இங்கிருந்து பார்த்தால் பின்னால் இருப்பவன் முகம் இவ்வளவு தெளிவாகத் தெரியுமா?

"புது செட்டு அண்ணாச்சி, நாலு ஸ்பீக்கரும் பாடும், முன்னாடியும் சேத்துக் குடுத்துரட்டா?" என்றான் இசக்கிமுத்து.

"வேண்டாமுங்க இசக்கி, பின்னால மட்டும் குடுங்க... நல்லாச் சத்தமா."