மயிலைக் குதிரை

சுந்தரம் கறுப்புக் குதிரையின் மேலுதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வேட்டியின் கீழ்ப்பாதி ஈரமாக இருந்தது. காலையில் மகளைக் குளிப்பாட்டத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த ஈரம். இன்னும் காயவில்லை.

“ஏழு வயசு இருக்கும்,” என்றார். “கால் நல்லா இருக்கு.”

சேதுபதி தலையாட்டினான். லாயத்துக் கடிகாரம் பன்னிரண்டரை காட்டியது. ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்த பிறகு கடிகாரமெல்லாம் டோக்கியோ நேரம். வெயிலுக்கு மணி பதினொன்றுதான். அவன் மனைவி, சுந்தரத்தின் மகள் இரஞ்சிதம், காலையில் இறந்துபோனபோது, பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி பஞ்சாங்கம் பார்க்க மணி கேட்டாள். ஏழு என்றான்.

“நம்ம நேரமா, அவங்க நேரமா?”

அவன் வாசலில் போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்து, “அவங்க நேரம்,” என்றான்.

இறந்தவளைப் பிடாடாரி இடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். டெஸ்கர் ரோட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், தோள் கொடுக்க ஆள் இருந்தால். தெருவில் திடமாக இருந்தவர்கள் எல்லாரும் சயாமில் ரயில்பாதை போடும் வேலைக்குப் போயிருந்தார்கள். எஞ்சியவர்களில் ஒருவருக்குக் கால் வீங்கியிருந்தது, இன்னொருவருக்குக் காய்ச்சல். வண்டி இருந்தது. எஞ்சின் கழற்றிய பழைய காரின் பின்பாதியில் மரச்சட்டம் பூட்டி, சுந்தரமே செய்த வண்டி. இழுக்கக் குதிரைதான் இல்லை.

குதிரைக்கு வேண்டியதைப் போன மாதமே கொடுத்தாயிற்று. இரஞ்சிதத்தின் இரண்டு வளையல்களும் லாயக்காரர் காதர் மைதீனிடம்தான் இருந்தன. லாயத்துக் குதிரைகள் மூன்றில் எது வேண்டுமோ ஓட்டிப் போகலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அதற்குள் அவளுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்துவிட்டது. கொய்னா மாத்திரைக்காக அலைந்ததில் சேதுபதி லாயத்துப் பக்கமே வரவில்லை. மாத்திரையும் கிடைக்கவில்லை.

காதர் மைதீன் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். பந்தயம் நடந்த காலத்தில் பத்தொன்பது குதிரை நின்ற லாயம் அது. இப்போது மூன்று.

“தம்பி, இன்னைக்கு எதையாச்சும் சும்மா ஓட்டிட்டுப் போங்க லா. காரியமெல்லாம் முடியட்டும். அப்புறம் நிதானமா வந்து பாருங்க.”

“இல்ல பாய். இன்னைக்கே எடுத்துக்கறேன்.”

“சரி. எது?”

சேதுபதி கை நீட்டினான். “அந்த மயிலை.”

காதர் மைதீன் அவன் விரலைப் பார்த்தார். அது காட்டிய கறுப்புக் குதிரையைப் பார்த்தார். பிறகு சுந்தரத்தைப் பார்த்தார்.

“எதுங்கிறீங்க?”

“இதுதான். மாமா பல்லுப் பாக்குறாரே, இந்த மயிலை.”

காதர் மைதீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னங்க சுந்தரம், மாப்பிளைக்கு ராபிள்ஸ் காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? கறுப்பைப் போயி மயிலைங்கிறாரு.”

சுந்தரம் குதிரையின் உதட்டை விட்டார். “மாப்ள, மயிலைன்னா இது இல்ல.”

“மயில் மாதிரின்னுதானே?”

“மயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. மாட்டுக்குச் சொல்றது அது. வெள்ளையும் இல்லாம, சாம்பலும் இல்லாம இருக்குமே, அந்த நெறம். எங்கிட்ட ரெண்டு வண்டிமாடு இருந்துச்சு, ரெண்டும் மயிலை. ஜப்பான்காரன் ஓட்டிட்டுப் போறப்போ இரஞ்சிதம் தெருமுனை வரைக்கும் பின்னாலயே ஓடுனா.”

“பாத்தீங்களா, மாட்டு நெறத்தைக் குதிரைக்குச் சொன்னா மாப்பிளை என்ன செய்வாரு,” என்றார் காதர் மைதீன், இன்னும் சிரித்தபடி. “நாங்க சாம்பல்னு சொல்லுவோம். அந்தக் கடைசியில நிக்குது பாருங்க, அதான் உங்க மயிலை.”

சேதுபதி திரும்பவில்லை.

நேற்றுப் பிற்பகல் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இரஞ்சிதம் கண்ணைத் திறந்து, “குதிரை வந்துருச்சா?” என்று கேட்டாள்.

“வந்துருச்சு.”

“மயிலையா?”

“மயிலைதான்.”

“எப்படி இருக்கு?”

குதிரை வாங்குவது என்று பேச்சு வந்த நாளிலிருந்து அவள் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிவந்தாள். வாங்கினால் மயிலை. அவனும் சரி சரி என்று சொல்லிவந்தான். அவன் அப்பா துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் மாடு இருந்ததில்லை. தமிழ் அவன் பாடமாகப் படிக்கவுமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அது ஒரு வார்த்தையாக அவனுக்குப் படவில்லை.

“நல்ல கறுப்பு,” என்றான். “மயில் கழுத்து மாதிரி. வெயில் பட்டா நீலமா மின்னுது.”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உதட்டோரம் லேசாக அசைந்தது.

“ம். நல்லாப் பாத்துக்கங்க.”

நம்பிவிட்டாள் என்று அவன் நினைத்தான். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. காலையில் அவள் நெற்றியில் பாக்கியலட்சுமி குங்குமம் வைத்தபோது அவன் ஒன்றை முடிவு செய்தான். அவளிடம் சொன்ன குதிரையை இன்றைக்கு வாங்கிவிட வேண்டும். சொன்னது சொன்னபடி வாசலில் நிற்க வேண்டும்.

“மாப்ள?” என்றார் சுந்தரம்.

“நேத்து இரஞ்சிதம் கேட்டுச்சு மாமா. வாங்கியாச்சுன்னு சொல்லிட்டேன்.”

“சரி.”

“கறுப்பா இருக்குன்னு சொன்னேன்.”

காதர் மைதீனின் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் தொங்கிய வாரைக் கையில் எடுத்து, அதன் வளையத்தைத் தேய்க்க ஆரம்பித்தார்.

“அவ ஒண்ணும் சொல்லலியா?” என்றார் சுந்தரம்.

“நல்லாப் பாத்துக்கங்கன்னு சொல்லிச்சு.”

சுந்தரம் குனிந்து, கறுப்புக் குதிரையின் முன்னங்காலைத் தூக்கி லாடத்தைப் பார்த்தார். ஏற்கெனவே பார்த்த கால்தான் அது. கீழே விட்டார். மறுபடியும் தூக்கினார்.

சேதுபதி லாயத்தின் கடைசிக்கு நடந்தான்.

அங்கே ஓடு விலகிய இடத்தில் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அதற்குள் அது நின்றது. முதலில் அவனுக்குப் புகைபோலத்தான் தெரிந்தது. முகம் வெள்ளை. கழுத்து சாம்பல். விலாவிலும் பின்தொடையிலும் வட்டவட்டமாக நிழல்கள், மரத்தடி வெயிலைப் போல. மரம் எதுவும் இல்லை. நிழல் அதன் உடம்பிலேயே இருந்தது. அது தலையைத் திருப்பி அவனைப் பார்த்து மூச்சு விட்டது. மூச்சு அவன் மார்பில் சூடாக வந்து மோதியது. இரண்டு வருடங்களாக ரொட்டிக் கியூவிலும் மரவள்ளித் தோட்டத்திலும் கழிந்த அவன் கண்ணுக்கு, இந்த ஊரில் இவ்வளவு அழகாக ஒன்று உயிரோடு நிற்பது எப்படி என்று புரியவில்லை. காலையிலிருந்து எதுவும் உள்ளே போகாதிருந்தது. இது போயிற்று.

காதர் மைதீன் பின்னால் வந்து நின்றார். இப்போது மெதுவாகப் பேசினார்.

“கறுப்பையே எடுத்துக்கங்க தம்பி. இது கண்ணுல படற நெறம். வழியில நிக்கிற பட்டாளத்தான் பாத்தா அவிழ்த்துக்கிட்டுப் போயிருவான். வண்டியை நடுரோட்ல வச்சுக்கிட்டு நிப்பீங்க.”

“தெரியுது பாய்.”

“நீங்க சொன்னதும் கறுப்புதானே.”

சேதுபதியின் கண் அந்த வட்டங்களிலேயே இருந்தது. காதர் மைதீன் அதைக் கவனித்தார். பிறகு குதிரையின் கழுத்தில் கை வைத்து, இரண்டு கட்டை விரலாலும் மயிரை வகிர்ந்தார்.

“இங்க பாருங்க.”

வெளுத்த மயிருக்கு அடியில் தோல் கறுப்பாக இருந்தது. கல்லைப் போன்ற கறுப்பு.

“இந்தச் சாதி பொறக்குறப்போ கன்னங்கரேல்னுதான் பொறக்கும். அந்தக் கறுப்புக்கும் இதுக்கும் வித்தியாசமே சொல்ல முடியாது. வருஷம் ஆக ஆக மேல வெளுத்துக்கிட்டே போகும். இதுக்கு எட்டு வயசு. இன்னும் அஞ்சு வருஷத்துல வட்டமெல்லாம் போயி பால் மாதிரி ஆயிரும். தோலு மட்டும் மாறாது.”

சேதுபதி அந்த வகிட்டில் விரலை வைத்தான். தோல் துடித்தது, ஈயை விரட்டுவதுபோல.

“இதைப் பூட்டுங்க மாமா,” என்றான்.

சுந்தரம் வாரையும் கடிவாளத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

டெஸ்கர் ரோட்டில் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். குதிரையைப் பார்த்ததும் அழுகை ஒரு கணம் ஓய்ந்து, பிறகு தொடர்ந்தது. இரஞ்சிதத்தைப் பாயோடு தூக்கி வண்டியில் கிடத்தினார்கள். கூறைப்புடவை, மஞ்சள் பூசிய பாதங்கள், எங்கிருந்தோ கிடைத்த ஒரு முழம் கனகாம்பரம். சேதுபதி தலைப்பக்கத்தை வண்டியின் முன்புறம் கொண்டுபோனான்.

“தம்பி, திருப்பிப் போடுங்க,” என்றாள் பாக்கியலட்சுமி. “காலு முன்னால போகணும். வீட்டை விட்டுப் போறவ அப்படித்தான் போகணும்.”

திருப்பிக் கிடத்தினார்கள். பாதங்கள் குதிரையின் பக்கம் இருந்தன. தலை பின்புறம், சேதுபதி உட்கார்ந்த இடத்துக்கு அருகில். வண்டி நகர்ந்தபோது வானம் வடக்கில் இருண்டிருந்தது.

சிராங்கூன் ரோடு காலியாகக் கிடந்தது. குதிரை நடப்பதைப் பார்க்கக் கடை வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். பிணத்துக்கு எழுந்தார்களா, குதிரைக்கு எழுந்தார்களா என்று சொல்ல முடியாது. காலாங் ஆற்றுப் பாலத்தருகே காவல்சாவடி. சுந்தரம் கடிவாளத்தை இழுத்துப் பிடித்து இறங்கினார். சேதுபதியும் இறங்கினான். இருவரும் இடுப்பு வளைய வணங்கினார்கள்.

காவலுக்கு நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும். அவன் அவர்களைப் பார்க்கவே இல்லை. துப்பாக்கியைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் குதிரையைச் சுற்றி வந்தான். முன்னங்காலைத் தட்டினான். குதிரை தானாகக் காலைத் தூக்கிக் கொடுத்தது. குளம்பைப் பார்த்தான். குதிரையோடு வளர்ந்தவன் என்று தெரிந்தது. சுந்தரம் வாரைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்தார். சிப்பாய் கழுத்துவாரின் கொக்கியில் கை வைத்தான். அவிழ்க்கப் போகிறான் என்று சேதுபதி நினைத்தான்.

முதல் துளி விழுந்தது. பிறகு பெரிய துளிகளாகச் சில. சிப்பாய் வானத்தைப் பார்த்தான். தலையைத் தாழ்த்தியபோது அவன் கண் வண்டிக்குள் போனது. மஞ்சள் பூசிய இரண்டு பாதங்கள் அவனுக்கு நேராக இருந்தன. கொக்கியிலிருந்து கையை எடுத்தான். குதிரையின் நெற்றியை ஒருமுறை தடவினான். போ என்று தலையசைத்துவிட்டுச் சாவடிக்குள் ஒதுங்கினான்.

இருவரும் வண்டியில் ஏறிப் பாலத்தைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது.

“நிறுத்தவா மாப்ள?” என்றார் சுந்தரம், திரும்பாமல். “மரத்தடியில ஒதுங்கலாம்.”

“வேணாம் மாமா. போகட்டும்.”

சேதுபதி இரஞ்சிதத்தின் நெற்றிமேல் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்தான், குங்குமம் கரையாமலிருக்க. அப்படியே தலையை நிமிர்த்தினான்.

குதிரையின் முதுகில் துளி விழுந்த இடமெல்லாம் கறுப்புப் புள்ளிகள். புள்ளிகள் சேர்ந்து கோடுகளாயின. முதுகுத்தண்டிலிருந்து கறுப்பு இருபுறமும் வழிந்து இறங்கியது. வட்டங்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. கழுத்து கறுத்தது. தோள் கறுத்தது. மயிர் தோலோடு ஒட்டி, தோல் மேலே வந்துவிட்டது. எங்கோ மேகத்துக்கு அப்பால் வெயில் இருந்தது. அது பட்ட இடத்தில், நடக்கும்போது அசையும் அந்தப் பெரிய தோளில், நீலம் ஒரு கணம் ஓடி மறைந்தது. மறுபடி ஓடியது.

சுந்தரத்தின் முதுகு அசையவில்லை. கடிவாளம் அவர் கையில் தளர்ந்து கிடந்தது. குதிரை தானாகவே போய்க்கொண்டிருந்தது.

சேதுபதி ஒரு கையாலேயே சட்டையைக் கழற்றினான். நான்காக மடித்தான். அவள் தலையை மெல்லத் தூக்கி, அடியில் வைத்தான். போதவில்லை. தோளில் கிடந்த துண்டையும் மடித்து அதன்மேல் வைத்தான். இப்போது முகம் சற்று நிமிர்ந்து, பாதங்களைத் தாண்டி நேர் எதிரே குதிரையைப் பார்த்தபடி இருந்தது.