இடது பக்கம் கொஞ்சம் மங்கல்

அக்காவுக்கும் தம்பிக்கும் ஏழு வருடமாகத் தீராத வழக்கு ஒன்று இருந்தது. ஹெட்போன் என்பது பாட்டுக் கேட்பதற்கா, விளையாடுவதற்கா என்பதுதான் அது. இத்தனைக்கும் இருவருக்கும் பிழைப்பே அதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வருகிற ஹெட்போன்களைப் போட்டுக் கேட்டு, எது எதற்கு உகந்தது என்று ஒப்பிட்டு எழுதும் இணையதளம் ஒன்றை நடத்தினார்கள். வீட்டின் பின்னறைதான் அலுவலகம். ஜன்னலில் கனத்த போர்வை, சுவரோரம் நிமிர்த்தி வைத்த பழைய மெத்தைகள், ஆணிகளில் வரிசையாகத் தொங்கும் ஹெட்போன்கள். அம்மா அதற்குச் 'செவிட்டு அறை' என்று பெயர் வைத்திருந்தாள். "ரெண்டும் செவிட்டு அறையில இருக்குதுங்க. நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒண்ணு காதுலயும் விழாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

பாட்டுப் பக்கம் அக்காவுடையது. எந்த ஹெட்போன் வந்தாலும் ஒரே பாட்டைத்தான் முதலில் போடுவாள். அதில் பாடகி வாய் திறப்பதற்கு முன்னால் மெல்ல மூச்சை இழுப்பது கேட்கும். "அந்த மூச்சு கேக்கலைன்னா அது ஹெட்போனே இல்லடா, காதுக்குப் போடற குல்லா" என்பாள்.

தம்பிக்குப் பாட்டும் ஒன்றுதான், பஸ் ஹாரனும் ஒன்றுதான். விளையாட்டில் எதிரி எந்தப் படியில் ஏறுகிறான், எந்தக் கதவுக்குப் பின்னால் நிற்கிறான் என்று காலடிச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அதுதான் அவன் சங்கீதம்.

"உன் கேமிங் ஹெட்போன்ல கேட்டா, பாவம், அந்தப் பொம்பளை கிணத்துக்குள்ள உக்காந்து பாடற மாதிரி இருக்கு. குண்டுக்கும் பூட்ஸுக்கும் இடம் குடுத்துட்டு மிச்சம் மீதி இருந்தாத்தான் அவளுக்கு."

"உன் பாட்டு ஹெட்போனை மாட்டிக்கிட்டு விளையாடினா, நான் செத்துப்போனதே எனக்கு லேட்டாத்தான் தெரியும்."

இந்தச் சண்டையையே ஒரு பெரிய கட்டுரையாக்கிவிடலாம் என்று அக்காதான் யோசனை சொன்னாள். விளையாட்டுக்கென்று செய்த இரண்டு, பாட்டுக்கென்று செய்த இரண்டு, ஆக நான்கு ஹெட்போன்கள். ஆளை மாற்றிப் பரிசோதிப்பது. அவன் பாட்டுக் கேட்க வேண்டும், அவள் விளையாட வேண்டும்.

அவள் விளையாடிய அழகைச் சொல்லி மாளாது. எதிரியை விட்டுவிட்டுச் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் கண்ணைக் கட்டி உட்காரவைத்து, காலடி எங்கிருந்து வருகிறது என்று விரலை நீட்டச் சொன்னபோது கதையே மாறிவிட்டது. வெளிப்பக்கம் வலை மாதிரி திறந்திருக்கும் ஒரு பாட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருபதுக்கு இருபது சரியாகக் காட்டினாள். தம்பி அதே பரிசோதனையில் பதினாறுதான் எடுத்தான். அன்று முழுக்க அம்மாவிடம் அதையே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டான்.

நான்கு நாள் கழித்து ஒரு திங்கள்கிழமை காலை, மூன்றாவது ஹெட்போனைக் கையில் எடுத்தார்கள். அக்கா அரை நிமிடம் கேட்டுவிட்டுக் கழற்றினாள்.

"இடது பக்கம் கொஞ்சம் மங்கலா இருக்குடா. கம்பளியைப் போட்டு மூடின மாதிரி."

தம்பி வாங்கி மாட்டிப் பார்த்தான். அவனுக்கு நன்றாகத்தான் கேட்டது. "எனக்குச் சரியாத்தானே இருக்கு?"

"உனக்கு என்னடா தெரியும், பூட்ஸ் சத்தம் கேக்கறவனுக்கு."

உள்ளே ஒயர் தளர்ந்து விட்டு விட்டு வேலை செய்கிறதோ என்னவோ என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டான். அவர்கள் இரண்டே நாளில் புதியது ஒன்றை அனுப்பினார்கள். அதிலும் இடது பக்கம் மங்கல் என்றாள். கம்பெனிக்காரர் போனில் தன்மையாகவே பேசினார். "எங்க டெஸ்ட்ல ஒண்ணும் தெரியலைங்களே, மேடம் இன்னொரு தடவை கேட்டுப் பாக்கறாங்களா?" தம்பிக்கு அந்தக் குரலில் ஏதோ மழுப்பல் இருப்பதாகப் பட்டது. அன்று மாலையே தளத்தில் ஒரு சிறு குறிப்புப் போட்டான்: இரண்டு பீஸிலும் இடது பக்கம் மங்கல், வாங்குவோர் யோசித்து வாங்கவும். நூற்றுக்கணக்கானவர்கள் அதைப் பகிர்ந்தார்கள்.

அடுத்த வாரம் அவள் நான்காவது ஹெட்போனிலும் அதையே சொன்னாள். இந்த முறை அவன் சிரித்துவிட்டான்.

"உலகத்துல இருக்கற எல்லா ஹெட்போனுக்கும் இடது பக்கம் கெட்டுப்போச்சா? வயசாயிடுச்சுக்கா உனக்கு. காதைக் குடைஞ்சிட்டு வா."

அவள் ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். சளி பிடித்திருக்கிறது போல, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். இருபதுக்கு இருபது எடுத்தவளை ஒரு வழியாக மடக்கிவிட்ட சின்ன சந்தோஷம் அவனுக்கு. அந்தச் சந்தோஷத்தைப் பிற்பாடு அவன் எத்தனையோ முறை நினைத்து நினைத்துக் கூசிப்போனான்.

அந்தத் திங்கள்கிழமையிலிருந்து பதினேழாம் நாள்தான் அவனுக்கு உறைத்தது. கட்டுரைக்குப் படம் எடுப்பதற்காக அக்காவை மறுபடி கண்ணைக் கட்டி உட்காரவைத்து, விளையாட்டை ஓடவிட்டான். இடது பக்கத்திலிருந்து ஒருவன் நடந்து வந்தான். அக்காவின் விரல் வலப்பக்கம் நீண்டது. பின்னாலிருந்து ஒருவன் வந்தான். வலப்பக்கம். கூரைமேல் ஒருவன் ஓடினான். அதற்கும் வலப்பக்கம்தான்.

அவன் ஹெட்போனைச் சத்தமில்லாமல் கழற்றித் திருப்பி, இடது பக்கத்தை அவள் வலது காதிலும் வலது பக்கத்தை இடது காதிலுமாக மாட்டினான். மங்கல் ஹெட்போனுடையதாக இருந்தால் அது இப்போது பக்கம் மாற வேண்டும். ஒரு நிமிட வேலை. ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள் என்று அவனே எத்தனை பேருக்குப் பதில் எழுதியிருக்கிறான்!

விரல் வலப்பக்கமே நீண்டது.

"அக்கா, கண்ணுக் கட்டை அவுத்துடு. டாக்டர்கிட்ட போகலாம்."

காது மருத்துவமனையில் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் அவளை உட்காரவைத்தார்கள். தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே பரிசோதனை செய்த பெண் ஒவ்வொரு சத்தமாக அனுப்பினாள். வலது காதுக்கு அக்காவின் கட்டைவிரல் டக் டக்கென்று அழுத்தியது. கொசு முனகுகிற அளவுச் சத்தத்தைக்கூட விடவில்லை. பரிசோதனைப் பெண்ணே புருவத்தை உயர்த்தி, "ரொம்ப நல்ல காது" என்றாள்.

பிறகு இடது காது. அந்தப் பெண் சத்தத்தைக் கூட்டினாள். விரல் அசையவில்லை. இன்னும் கூட்டினாள். தம்பி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுத்துக்கா, அழுத்து என்று மனசுக்குள் மன்றாடினான். அக்கா தலையைச் சாய்த்து, கண்ணை இறுக்கி மூடி, பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பரிசோதனை முடிவைக் கோடுகளாகப் போட்ட தாளை டாக்டரிடம் கொண்டுபோகும் முன்பே அவன் பார்த்துவிட்டான். ஹெட்போன்களின் ஒலி அளவைக் காட்டும் இப்படிப்பட்ட கோடுகளைப் படிப்பது அவனுக்குத் தினசரி வேலை. வலது காதின் கோடு மேலே நேராகப் போயிற்று. இடது காதுடையது தாளின் அடியில் கிடந்தது. யாரும் அவனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எத்தனை நாளாச்சு?" என்றார் டாக்டர்.

"பதினேழு நாள்" என்றான் தம்பி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்படித் திடீர்னு ஒரு காது போறது இருக்கே, அது அவசரமா பாக்க வேண்டிய விஷயம். காது நரம்பு சம்பந்தப்பட்டது. எவ்வளவு சீக்கிரம் மருந்து குடுக்கறோமோ அவ்வளவு நல்லது. முதல் ஒண்ணு ரெண்டு வாரம்தான் முக்கியம்."

"முன்னாடியே வந்திருந்தா சரியாயிருக்குமா டாக்டர்?" தம்பி கேட்டான்.

"கண்டிப்பா ஆயிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. வாய்ப்பு நல்லா இருந்திருக்கும். இப்பவும் முயற்சி பண்ணுவோம்."

மாத்திரை கொடுத்தார்கள். காதுக்குள்ளேயே ஊசி போட்டார்கள், வாரம் ஒன்றாக நான்கு ஊசி. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அவள் ஒருக்களித்துப் படுத்து அரைமணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். ஆறு வாரம் கழித்துத் திரும்ப எடுத்த தாளில் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. இடது காதில் கேட்டதெல்லாம் ஓயாத ஓர் இரைச்சல் மட்டும்தான். "குழாயைச் சரியா மூடலையோன்னு தோணிக்கிட்டே இருக்கு" என்றாள் அம்மாவிடம்.

'செவிட்டு அறை' என்று அம்மா அதற்குப் பிறகு சொல்லவே இல்லை. ஒருமுறை பழக்கத்தில் பாதி வார்த்தை வாய்வரை வந்து, அப்படியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

தளத்தில் போட்ட அந்தக் குறிப்பை அக்காதான் ஞாபகப்படுத்தினாள்.

"அதை எடுத்துட்டேன்க்கா. போன வாரமே."

"எடுத்தா போதுமாடா? ஊரெல்லாம் சொல்லிட்டு சத்தமில்லாம அழிச்சா ஆச்சா? அந்த மனுஷன் எவ்வளவு மரியாதையா இன்னொரு தடவை கேளுங்கன்னு சொன்னாரு."

"என்னன்னு எழுதறது?"

"நடந்ததை எழுது."

அவனால் முடியவில்லை. மூன்று நாள் தள்ளிப்போட்டான். கடைசியில் அவளே உட்கார்ந்து எழுதினாள்: இந்த ஹெட்போனில் குறை ஏதும் இல்லை. குறை கேட்டவரின் காதில் இருந்தது. தவறான தகவலுக்கு வருந்துகிறோம். கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: ஒரு காதில் திடீரென்று கேட்பது குறைந்தால் சளி என்று இருந்துவிடாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கம்பெனிக்காரர் அன்றே போன் செய்தார். "மேடத்தை உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அக்கா கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. மூன்று மாதம் அந்தக் குற்ற உணர்வைச் சுமந்து திரிந்தான். தெருவில் அவன் இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் அவள் வலப்பக்கம் திரும்பி, யாரும் இல்லாத இடத்தைப் பார்ப்பாள். ஒரு நாள் அப்படித் திரும்பியவளை நோக்கிச் சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டே வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்தான். நடைபாதையில் இருவரும் மூச்சு வாங்கி நின்றபோது அவன் உடைந்துபோனான்.

"என்னை ஒரு தடவையாவது திட்டுக்கா. நான் மாத்திப் போட்டுப் பாத்திருக்கணும். முதல் நாளே. எனக்குத் தெரிஞ்ச வேலைதானே அது. நான் உன்னைப் பாத்து சிரிச்சேன்."

அக்கா மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தாள். வலப்பக்கத்தைக் காட்டி அவனையும் உட்காரச் சொன்னாள்.

"நான் மாத்திப் போட்டுப் பாத்தேன்டா" என்றாள்.

"என்னது?"

"மூணாம் நாள். நீ குளிக்கப் போயிருந்தே. மாத்திப் போட்டேன். இடது காதுல ஒண்ணுமே இல்லை. மறுபடி மாத்தினேன். பத்துத் தடவை மாத்தியிருப்பேன். அப்புறம் ஆணியில மாட்டிட்டு வந்துட்டேன்."

"அப்ப ஏன்க்கா சொல்லலை?"

"சொன்னா நிஜமாயிடுமேன்னு இருந்துச்சு. எனக்கு வேற என்னடா தெரியும்? பாட்டு கேக்கறது ஒண்ணுதான் தெரியும். ஹெட்போன் கெட்டுப்போச்சுன்னே சொல்லிக்கிட்டிருந்தா ஹெட்போன்தான் கெட்டுப்போச்சுன்னு ஆயிடும்னு நினைச்சேன். பைத்தியக்காரத்தனம்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒவ்வொரு நாளும், இன்னைக்கு நீ கண்டுபிடிச்சிடுவேன்னும் நினைச்சேன்."

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரிதான் திட்டு. அதை அவள் திட்டாகச் சொல்லவில்லை. பேருந்து ஒன்று இரைந்துகொண்டு போயிற்று. அவள் அழுதாள். காது போன நாளிலிருந்து அவன் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அவன் தோளைத் தொடப் போய், என்ன நினைத்தானோ, கையை எடுத்துக்கொண்டான். அவளே அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள்.

தளத்தை மூடிவிடலாம் என்றுதான் அவன் எண்ணியிருந்தான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது கேட்பது முழுக்க அவன் வேலை, எழுதுவது அவள் வேலை. முதலில் அவன் பூசி மெழுகினான். "பரவாயில்லைக்கா, சுமார்தான்" என்று ஒவ்வொன்றையும் மட்டம் தட்டுவான். அவள் இழந்தது அவ்வளவு ஒன்றும் பெரிதில்லை என்று காட்டினால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைப்பு. இரண்டாம் தடவையே கண்டுபிடித்துவிட்டாள்.

"எனக்காகப் பாட்டைக் கெடுக்காதே. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லு. எங்கே இருக்குன்னு சொல்லு."

"எது எங்கே?"

"எல்லாம்தான். பாடறவ எங்கே நிக்கறா, மேளம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்?"

அன்று விளையாட்டுக்கென்று புதிதாக வந்த ஒன்றை மாட்டியிருந்தான். கண்ணை மூடினான். பூட்ஸ் சத்தம் பிடித்துப் பழகிய காது, பாட்டுக்குள் மெதுவாக நடந்து போயிற்று.

"நடுவுல நிக்கறாக்கா. கொஞ்சம் பின்னாடி தள்ளி. மேளம் இடது பக்கம், ரொம்பக் கிட்ட. புல்லாங்குழல் வலது பக்கம் எங்கேயோ தூரத்துல, சுவத்துக்குப் பின்னாடி மாதிரி."

"அவ்வளவு தூரத்துல இருக்கக் கூடாதே" என்றபடி அக்கா எழுதிக்கொண்டாள். "சரி, மேளம்? இடது பக்கம் எப்படி இருக்கு? நிதானமா சொல்லு."

அவன் பாட்டை முதலிலிருந்து மறுபடி போட்டான்.