கோணவயலின் பெயரில் வந்த கருத்து

அன்று மாடி அறையில் இருந்தவர்கள் நால்வர்: பாலிடெக்னிக்கில் கணினித் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற வைகுண்டராஜன், அதே வீட்டில் குடியிருக்கும் அவர் தம்பியும் பள்ளிக் கணினி ஆசிரியருமான சுயம்புராஜ், தம்பி மகள் ஜிஷா, இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் டெனிஷ்.

தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத ஒரு கணினி மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார் வைகுண்டராஜன். அதில் ஒவ்வொரு கட்டளைத் தொகுதியும் 'நிறைவு' என்ற சொல்லோடு மூடப்பட வேண்டும் என்பது அவர் தீர்மானம். வீட்டில் கேட்டபோது, "நல்லாருக்குண்ணே" என்றிருந்தான் சுயம்புராஜ். மூத்தவர் சொல்லுக்கு மறுப்பிருந்தால் வீட்டுக்குள் சொல்ல வேண்டும், வெளியே ஒரே குரல். அப்பா காலத்து வழக்கம் அது. அந்தத் தைரியத்தில்தான் இணையப் பக்கத்தில் பொதுவில் கருத்துக் கேட்டார். பெயர் போடாமலும் எழுதலாம் என்று அவரே அனுமதித்திருந்தார்.

"பெரியப்பா, முக்காவாசிப் பேரு 'நிறைவு'க்குப் பதில் அடைப்புக்குறியே போதும்னு சொல்லுதாவ," என்றாள் ஜிஷா.

"எல்லாம் இந்த ஒருத்தரு எழுதினதப் பாத்துதான் சார்," என்று டெனிஷ் திரையைத் திருப்பினான்.

'இந்தச் சொல் மாணவருக்காக அல்ல, ஒருவரின் வீம்புக்காக' என்று தொடங்கியது அது. பெயரில்லை. கீழே ஒரு மாதிரி நிரல், இரண்டு வயலுக்கு விதைநெல் கணக்கிடுவது. சுத்தமாக எழுதியிருந்தது, அவருக்குப் பிடிக்கவும் செய்தது. பிறகுதான் வயல்களின் பெயரைப் பார்த்தார். ஒன்று கோணவயல். குடும்பத்து வயல்தான், ஆனால் பத்திரத்தில்கூட அந்தப் பெயர் கிடையாது. அவர்கள் வீட்டில் மட்டுமே அப்படிச் சொல்வார்கள்.

கண்ணாடியைக் கழற்றினார்.

"டெனிஷ், கீழ போய் சாயா குடி மக்கா. ஜிஷா, நீயும் போ."

படியில் காலடி ஓயும்வரை காத்திருந்தார்.

"எழுத வேற வயலு கிட்டலியால?"

"வீட்டுல சொன்னா நீங்க மாத்தியிருப்பியளா?"

"மாத்தியிருக்க மாட்டேன். எம் மொகத்தப் பாத்துச் சொன்னவனா இருந்திருப்ப."

"பிள்ளைகளுக்கு கஷ்டம்ணே. கிளாஸ்ல தெனம் பாக்கேன்."

"வீம்புன்னு எழுதினியே. அதுவும் கிளாஸ்ல பாத்ததா?"



டெனிஷ் மேலே வந்ததும், "அடைப்புக்குறின்னே மாத்திரு," என்றார். ஏனென்று அவன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எழுதியது யாரென்று இன்றுவரை வெளியே தெரியாது.

சொத்துத் தகராறில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்று மார்த்தாண்டம் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். சொத்தில் தகராறு எதுவும் இல்லை. பேசிக்கொள்ளத்தான் செய்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் வைகுண்டராஜனே படியடியில் நின்று கூப்பிடுகிறார்:

"சுயம்புராஜ் சார், சாப்பிட வாங்க."