சக்களத்தியின் சத்தம்

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து, கையைத் துடைத்தபடி ஒரு தொகையைச் சொன்னான். வண்டியின் சொந்தக்காரரான மூக்குக்கண்ணாடிக்கடைக்காரர் காதில் விழாதவர்போல நின்றார். அவன் திரும்பவும் சொன்னான். இரண்டாம் தடவை சொன்னால் குறையும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இவ்வளவையும் கொட்டிப் புதுசு மாதிரி ஆக்கினாலும், அதுல மூணுல ஒரு பங்குக்குக்கூட யாரும் வாங்க மாட்டாங்க. பேசாம பிரிச்சு வித்துடுங்க. வாங்கறதுக்கு எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான்."

"விக்கிறதுக்குக் கேக்கல. ஓடுமான்னு கேட்டேன்."

"காசைக் கொட்டினா எதுதான் ஓடாது?"

கொட்டகைக்குள் நின்றது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு என்பது தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். தரையை ஒட்டிய தாழ்ந்த உடம்பு, காற்று இறங்கிய டயர்கள், எலிகள் குடும்பம் நடத்திவிட்டுப் போன இரண்டே இரண்டு சீட்டுகள். கல்யாணமான புதிதில் அவரும் மனைவியின் தம்பியும் ஆளுக்குப் பாதி பணம் போட்டு, பழசாகவே வாங்கிய வண்டி. இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து சாமான் வாங்கப் போனால் வேறென்ன வீட்டுக்கு வரும்?

"ஒரு சீட்டு உங்களுக்கு, ஒரு சீட்டு என் தம்பிக்கு. நான் டிக்கியில உக்காரணுமா?" என்று கேட்ட மனைவி, அன்றைக்கே வண்டிக்குச் சக்களத்தி என்று பெயரும் வைத்துவிட்டாள். கடைசியில் பார்த்தால் அதில் ஏறி அதிகம் ஊர் சுற்றியவள் அவள்தான். பாதி பணம் போட்ட தம்பி வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருப்பான்.

அந்தத் தம்பி பிறகு, பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் இருந்த ஓர் ஊரில் தையல் கடை போட்டான். கல்யாணம் கில்யாணம் என்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. அக்காள் கண்ணை மூடியபோது வந்தவன், திரும்பிப் போகும்போது கொட்டகை வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னான்.

"அத்தான், வண்டியையாவது சாக விட்டுடாதீங்க."

இவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ரோட்டுக்கு எடுத்துப் போக மனம் வரவில்லை. பக்கத்து சீட்டு காலியாக இருக்குமே. அதனால் ஞாயிறுதோறும் காலையில் கொட்டகைக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, மச்சானுக்கு போன் போட்டு, போனை இன்ஜின் பக்கமாக நீட்டுவார். ஐந்து நிமிடம் உறுமும். பிறகு அணைத்துவிடுவார்.

"கேட்டுச்சா மச்சான்?"

"கேட்டுச்சு அத்தான். நல்லாயிருக்கு."

"சரி, வெச்சிடவா?"

"வெச்சிடுங்க."

ஆறு வருடமாக இதுதான் அவர்கள் பேச்சு. கடைக்கு வருகிறவர்களிடம் மேல் வரி தெரிகிறதா, கீழ் வரி தெரிகிறதா என்று கேட்பார். அதை விட்டால், வாரம் முழுவதும் அவர் வாய் திறந்தது இதற்கு மட்டும்தான்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிறு சாவியைத் திருப்பினார். கடக் என்றது. அவ்வளவுதான். சத்தம் இல்லாமல் என்னவென்று சொல்லி போன் பண்ணுவது? பண்ணவில்லை. அடுத்த ஞாயிறும் பண்ணவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அந்தப் பக்கமிருந்தும் வரவில்லை. வண்டிக்காகத்தான் இத்தனை நாளும் போனை எடுத்திருக்கிறான், நமக்காக இல்லை என்று அவருக்கு மனம் கசந்தது. வண்டி போனால் மச்சானும் போய்விடுவான். அவன் போனால், மனைவியைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர் என்று உலகத்தில் ஒருவரும் மிச்சமில்லை. லென்ஸ் தேய்க்கும் மெஷினை விற்றாவது செலவு பண்ணலாமா என்று அந்த மனிதர் யோசித்தது இதனால்தான். அந்த மெஷின் போனால் கடையில் பாதிப் பிழைப்பு போய்விடும். தெரிந்தேதான் யோசித்தார்.

"ஆமா, இத்தனை வருஷம் எப்படி வெச்சிருந்தீங்க?" என்றான் மெக்கானிக்.

"வாராவாரம் ஸ்டார்ட் பண்ணிடுவேன். ஒரு வாரம்கூட விட்டதில்ல."

"ஸ்டார்ட் பண்ணி ஓட்டுவீங்களா?"

"ஓட்டறதில்ல. அஞ்சு நிமிஷம் நின்ன இடத்துலயே உறும விட்டு, அணைச்சிடுவேன்."

மெக்கானிக் சிரித்துவிட்டான். அவரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"அதுதான் சார் கெடுத்திருக்கு. அஞ்சு நிமிஷத்துல இன்ஜின் சரியாச் சூடாகாது. உள்ள சேர்ற ஈரம் வெளிய போகாம அங்கேயே தங்கி, எல்லாத்தையும் துருவாக்கிடும். ஆயிலைத் திறந்து பார்த்தேன், பால் மாதிரி வெளுத்துக் கிடக்கு. எடுத்தா நல்லா தூரமா ஓட்டணும், இல்லன்னா தொடவே கூடாது. சும்மா விட்டிருந்தாக்கூட இவ்வளவு மோசமாகியிருக்காது."

டீ குடித்துவிட்டு வருகிறேன், அதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் என்று அவன் வெளியே போனான். கண்ணாடிக்கடைக்காரர் வண்டியின் மூக்கில் கை வைத்துக்கொண்டு நின்றார். காப்பாற்றுகிறேன் என்று தன் கையாலேயே வாராவாரம் கொன்றிருக்கிறார். அழுகை வந்தது. பார்க்க ஆளில்லாததால் அழுதார்.

பிறகு மச்சானுக்கு போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அத்தான்? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று விடுகிற சத்தம் கேட்டது.

"வண்டி போச்சு மச்சான்," என்றார். "நீ சாக விடாதேன்னு சொன்னே. நானே கொன்னுட்டேன்." மெக்கானிக் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"வண்டி கிடக்கட்டும் அத்தான்."

"என்னடா, வாராவாரம் கேட்டுட்டு நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னியே."

"நான் துணி தைக்கிறவன். இன்ஜின் சத்தத்துல நல்லது கெட்டது எனக்கு என்ன தெரியும்? அந்தப் புகையில நீங்க நின்னு இருமுவீங்க. அதைக் கேட்டுட்டுத்தான் நல்லாயிருக்குன்னு சொல்லுவேன்."

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அப்போ நீயாவது ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"பண்ணி, நீங்க எடுக்கலன்னா? போனைக் கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

மெக்கானிக் திரும்பி வந்து வாசலில் நின்றான். "என்ன சார் முடிவு பண்ணீங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "உன் ஆளை வரச் சொல்லு. பிரிச்சு எடுத்துக்கட்டும்."

மச்சானுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "அப்போ ஞாயித்துக்கிழமை?" என்றான்.

"பண்றேன்."

"சத்தத்துக்கு என்ன பண்ணுவீங்க?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தடவை இருமிக் காட்டினார்.

"நல்லாயிருக்கு அத்தான்," என்றான் மச்சான்.

அதன் பிறகு என்ன பேசுவதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஆனாலும் யாரும் போனை வைக்கவில்லை.