வலது பக்கம் உட்கார்ந்தவள்

தசரதன் அந்த வண்டியை ஏலத்தில் எடுத்துவந்த 1981ஆம் வருஷத்திலிருந்து தனத்துக்கு ஒரே ஒரு ஆசைதான். அதன் பின்சீட்டில் உட்கார்ந்து புருஷனோடு ஒருமுறை மலையைச் சுற்றி வர வேண்டும். நகை கேட்டாளா, நட்டு கேட்டாளா? ஊரில் லாம்ப்ரெட்டா வைத்திருப்பவன் எல்லாம் பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு போகிறான். எதிர்வீட்டு வெள்ளையம்மாள் புருஷன் பின்னால் உட்கார்ந்து போகிற தோரணையைப் பார்த்தால், கோவில் தேரே அவளுக்காகத்தான் ஓடுகிறது என்று நினைக்கத் தோன்றும்.

தசரதனின் வண்டி வேறு ஜாதி. ரமணாசிரமத்துப் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரன் தன் நாட்டிலிருந்து தரை வழியாகவே ஓட்டிவந்து, திரும்ப எடுத்துப்போகாமல் விட்டுப்போனது. ஒரே சிலிண்டர், பல் வைத்த டயர், குதிரை உயரம். தசரதனுக்குக் கால்நடைத் துறையில் தடுப்பூசி போடுகிற வேலை. ஜவ்வாது மலை அடிவாரத்தில் பஸ் போகாத ஊர்களுக்கெல்லாம் ஓடை, வரப்பு, கல்லுப்பாதை என்று பார்க்காமல் அது அவனை ஏற்றிப்போனது. மறுநாள் டவுன் ஆபீசுக்கும் ஒழுங்காகப் போய்வந்தது. பின்சீட்டில் எப்போதும் மருந்து வைத்த ஐஸ் பெட்டி. அந்தப் பெட்டி கொடுத்து வைத்தது என்று தனம் பலமுறை மனசுக்குள் பொருமியிருக்கிறாள்.

கோளாறு சைலன்சரில் இருந்தது. மற்ற வண்டிகளில் கீழே கிடக்கிற குழாய், இதில் ஓடைத் தண்ணீர் புகாமலிருக்க மேலே ஏறி, இடது பக்கமாகப் பின்சீட்டை ஒட்டிப் போனது. புடவை கட்டியவள் காலைத் தொங்கவிடுகிற பக்கமும் அதுதான். உட்கார்ந்தால் கெண்டைக்கால் வெந்துவிடும். அவள் மெக்கானிக் ஜானி பாஷாவிடமே போய்க் கேட்டாள்.

"தகடு அடிச்சு மூட முடியாதா பாய்?"

"மூடலாம்மா. தகடும் சேந்து சுடுமே. இது பொம்பளைங்கள நெனச்சு செஞ்ச வண்டி இல்ல."

"அப்ப வலது பக்கமா உட்கார்ந்தா?"

ஜானி பாஷா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "சுடாது. ஆனா யாரும்மா அப்படி உட்கார்றாங்க?"

தசரதனும் அதையேதான் சொன்னான், சிரிக்காமல். "ஊரே வேடிக்கை பாக்கும். மானம் போயிடும்." முட்டுகிற மாட்டுக்கு அஞ்சாதவன் தேரடித் தெருவில் நாலு பேர் வாய்க்கு அஞ்சினான். அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஆசை நிற்கவில்லை. சாயங்காலம் தெருமுனையில் அந்த டப் டப் சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் இருப்பதை மறந்து வாசலுக்கு வந்துவிடுவாள்.

பிறகு பதவி உயர்வு வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றல், துறையே ஜீப் கொடுக்கும். வண்டியை ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவர் விலை பேசி முடித்துவிட்டார். அவர் எடுத்துப்போக வருகிற அன்று காலையில் தனம் காபியைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"என்ன?"

"இன்னிக்கு வுட்டா அது போயிடுங்க."

தசரதன் காபியைப் பாதியில் வைத்துவிட்டுச் சாவியை எடுத்தான். "சீக்கிரம் கெளம்பு. அவரு பதினோரு மணிக்கு வந்துடுவாரு."

வாசற்படியில் நின்றுதான் அவளால் சீட்டில் ஏற முடிந்தது. கால்களை வலது பக்கம் தொங்கவிட்டு அவன் தோளைப் பிடித்தாள். தினமும் அவள் துவைக்கிற சட்டைதான், ஆனாலும் கசங்கக் கசங்கப் பிடித்துக்கொண்டாள்.

கடைத்தெரு வேண்டாம் என்று தசரதன் பின்பக்கச் சந்து வழியாக ஈசானிய லிங்கத்துப் பக்கம் விட்டான். சுடுகாட்டுப் பாதை, பார்க்க ஆள் கிடையாது. தனத்துக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. பள்ளத்தில் வண்டி குதித்தபோது அவளும் குதித்தாள், வாய்விட்டுச் சிரித்தாள்.

"பயமா இருக்கா?"

"இன்னும் வேகமாப் போங்க."

அடி அண்ணாமலையில் ரோட்டோரம் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் குறுக்கே கையை நீட்டினாள். "ஏம்பா, நீ இந்த ஊருதானே? மலைய எடது கைப் பக்கம் வுட்டுட்டு எதிர்ச்சுத்து சுத்தறியே! பொண்டாட்டி வேற சாமிக்கு முதுகக் காட்டினு வருது!"

இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. மலை வலது கைப் பக்கம்தான் இருக்க வேண்டும். இந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும். ஊர்க் கண்ணுக்குப் பயந்ததில் அவனுக்கு மறந்துபோனது, சந்தோஷத்தில் அவளுக்கு. தசரதன் கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினான்.

திருப்பியதும் மலை மொத்தமாக அவள் எதிரே வந்துவிட்டது. இடது பக்கம் உட்கார்ந்து போகிற வெள்ளையம்மாள்கள் எல்லோரும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சுற்றுகிறார்கள். தனம் ஒருத்திதான் மலையைப் பார்த்தபடி வந்தாள். வந்தாளே தவிர, அவள் பார்த்ததென்னவோ வியர்த்திருந்த அவன் பிடரியைத்தான்.

"இங்க ஆரம்பிச்சா இங்கயே வந்து முடிக்கணுங்க" என்று அவன் காதருகே சொன்னாள். அதாவது டவுனுக்குள் புகுந்து, கோவில் வாசல், செங்கம் ரோடு எல்லாம் கடந்து முழு வட்டம்.

ஈசானிய லிங்கம் தாண்டியதும் வீட்டுக்குப் போகிற சந்து வந்தது. நேரே போனால் தேரடித் தெரு. வண்டியின் வேகம் குறைந்தது. நேராப் போங்க, நேராப் போங்க என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. வண்டி நின்றது.

"அவரு வந்து காத்துனு இருப்பாரு தனம்."

பதினோரு மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். அவள் சண்டை போடவில்லை. குதித்து இறங்கினாள்.

"நீங்க போங்க. பாதியில வுடக்கூடாது. மிச்சத்த நான் நடந்துக்கறேன்."

"அவ்ளோ தூரமா?" என்றான். ஏறு என்று சொல்லவில்லை.

தேரடித் தெருவில் நடக்கும்போது அவள் காது பின்னாலேயே இருந்தது. வந்துவிடுவான், யார் சிரித்தால் என்ன, ஏறு என்பான். கோவில் வாசலைத் தாண்டும்போது அந்த டப் டப் கேட்டது. எத்தனை வண்டிக்கு நடுவிலும் அவளுக்கு அது தெரியும். முகமெல்லாம் மலர்ந்து திரும்பினாள்.

ஓட்டிவந்தவர் ஏற்காட்டுக்காரர். எடுத்துப்போவதற்கு முன் ஓட்டிப் பார்க்கிறார். பின்னால், கொஞ்சம் முன்பு அவள் இருந்த இடத்தில், சைலன்சர் சுடாமல் காலை அகட்டிக்கொண்டு தசரதன் உட்கார்ந்திருந்தான். கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

அவனும் அவளைப் பார்த்துவிட்டான். கையைத் தூக்கப் போனவன் பாதியில் இறக்கிக்கொண்டான். வண்டி கூட்டத்தில் புகுந்து போய்விட்டது.

சத்தம் ஓயும்வரை தனம் நின்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு செங்கம் ரோடு பக்கம் நடந்தாள். தஞ்சாவூரில் ஜீப் கொடுப்பார்கள், அதில் முன்சீட்டிலேயே உட்காரலாம். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது இந்தத் தெருவில், இத்தனை பேர் பார்க்க, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை போவது. அதற்கு அவன் கடைசிவரை துணியவில்லை.